‘அவர்’ ‘தேவரீர்’ ஆகும் இடம்: பாடுகளின் நாட்களில் ஜெபிக்கும் முறை

23ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்கள்கூட அதில் நடக்கும் ஒரு சிறு மாற்றத்தைக் கவனிக்காமல் கடந்துபோவதுண்டு. முதல் 3 வசனங்களில் தாவீது ஆண்டவரைப் பற்றிப் பேசுகிறார். அவர் மேய்க்கிறார், அவர் தேற்றுகிறார், அவர் நடத்துகிறார். 4ஆம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது. அதே வசனத்தில் ‘அவர்’ போய்விடுகிறது: “தேவரீர் என்னோடே கூட இருக்கிறீர்.” புல்வெளியில் இருந்தவரை ஆண்டவரைப் பற்றிப் பேசியவர், இருட்டுக்குள் கால் வைத்ததும் அவரிடமே பேசத் தொடங்கிவிடுகிறார்.

நோய், கடன், மரணம், துரோகம், வேலையிழப்பு, பதிலில்லாத நீண்ட காத்திருப்பு என்று எது வந்திருந்தாலும், உங்களுக்கு முதலில் தேவைப்படுவது அந்த ஒரு நகர்வுதான். “தேவன் உங்களோடு இருக்கிறார், நம்புங்கள்” என்று பலர் சொல்லியிருப்பார்கள். சொன்னவுடன் நம்பிக்கை வந்துவிடாது. மனதைப் பிடித்து இறுக்கி நம்பவைக்கவும் முடியாது. ஆனால் அவரிடம் பேச முடியும். பேச வார்த்தை இல்லாதவர்களுக்கு வார்த்தைகளை வேதமே தருகிறது. தினமும் 15 நிமிடம், ஒரு சங்கீதம், ஒரு நோட்டு, ஒரு பேனா. தேவையானது இவ்வளவுதான்.

உணர்வும் பிரசன்னமும்

தொடங்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தேவன் இருக்கிறார் என்பது ஒன்று; அவர் இருப்பதை நாம் உணர்கிறோம் என்பது வேறொன்று. ஆராதனையில் கண்ணீர் வருகிறது, உடம்பு சிலிர்க்கிறது, மனம் லேசாகிறது. அதைத் தேவ பிரசன்னம் என்று அழைத்துப் பழகிவிட்டோம். துன்பம் வரும்போது அந்த உணர்வு நின்றுவிடுகிறது. உடனே அவரே போய்விட்டார் என்று முடிவுகட்டிவிடுகிறோம். துக்கத்திலும் நோயிலும் எல்லா உணர்வுகளும் மரத்துப்போகும். பசி தெரிவதில்லை, பாட்டு இனிப்பதில்லை, பிள்ளையின் சிரிப்புகூட எட்டத்தில் கேட்பதுபோல் இருக்கும். தேவனைப் பற்றிய உணர்வு மட்டும் எப்படித் தப்பும்?

மாற்கு 4ஆம் அதிகாரத்துப் படகை நினைத்துப் பாருங்கள். அலை படகை நிரப்புகிறது. இயேசு பின்பகுதியில் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீஷர்களுக்கு அவர் இருப்பது தெரியும், கண்ணால் பார்க்கிறார்கள். ஆனாலும் அவர்கள் கேட்பது “உமக்குக் கவலையில்லையா” என்றுதான். அந்தக் கேள்வியை அவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளவில்லை. அவரை எழுப்பி அவரிடமே கேட்டார்கள்.

77ஆம் சங்கீதம் இன்னும் துல்லியமாகச் சொல்கிறது. செங்கடலை நினைவுகூர்ந்து 19ஆம் வசனம், அவருடைய பாதை திரண்ட தண்ணீர்களில் இருந்தது என்கிறது; கூடவே “உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று” என்றும் சொல்கிறது. வழிநடத்தியது உண்மை, தடம் தெரியாததும் உண்மை. அடுத்த வசனம், அவர் எதைக்கொண்டு நடத்தினார் என்று சொல்கிறது: மோசே, ஆரோன் என்பவர்களின் கையால். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் சாப்பாடு, தூக்கம்

இதைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். 1 இராஜாக்கள் 19இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்கிறார். தேவன் அவருக்கு முதலில் உபதேசம் செய்யவில்லை. தூங்கவிடுகிறார். தூதன் தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுக்கிறார். மறுபடி எழுப்பிச் சாப்பிடவைக்கிறான். அதன்பின் 40 நாள் நடை. ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தத்தைக் கேட்பது அதற்கும் பிறகுதான்.

ஆகவே பெரும் துன்பத்தின் முதல் 2, 3 வாரங்களில் உபவாசம் எடுக்காதீர்கள், இரவு முழுவதும் விழித்து ஜெபிக்க முயலாதீர்கள். நீரிழிவு போன்ற நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் காலத்திலும் உபவாசிக்கக் கூடாது. வெறும் வயிறும் தூக்கமில்லாத கண்ணும் சேர்ந்தால், களைப்பு பேசுவதைத் தேவன் பேசுவதாக எண்ணிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிட்டு, முடிந்தவரை தூங்கிவிட்டு, காலையில் 15 நிமிடம் உட்காருவது போதும்.

எந்தச் சங்கீதம்?

150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். துதிப் பாடல்களைவிடப் புலம்பல்களே அதிகம் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். உங்கள் நிலைமைக்கு நெருக்கமான ஒன்றை எடுத்துக்கொண்டு 7 நாள் அதிலேயே இருங்கள். தினமும் ஒரு புதுச் சங்கீதம் என்று தாவினால் எதுவும் உள்ளே இறங்காது.

காத்திருந்து சலித்துப்போனவர்களுக்கு 13. வியாதியில் படுத்திருப்பவர்களுக்கும், அழுது படுக்கை நனைந்தவர்களுக்கும் 6. நெருங்கிய நண்பரால் காயப்பட்டவர்களுக்கு 55. பகைவன் செய்திருந்தால் தாங்கியிருப்பேன், செய்தவன் நீ அல்லவா என்று அது கேட்கிறது. பயத்துக்கு 56. சபைக்குப் போகமுடியாமல் பழைய நாட்களை நினைத்து ஏங்குபவர்களுக்கு 42, 43; இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள், ஒரே பல்லவி இரண்டிலுமாக 3 முறை வருகிறது. தூக்கம் வராதவர்களுக்கு 77. முதுமையில் தள்ளப்பட்டவர்களாக உணர்பவர்களுக்கு 71. கெட்டவர்கள் நன்றாக வாழ்வதைப் பார்த்து மனம் கசந்தவர்களுக்கு 73. குற்றம் செய்தது நாம்தான் என்று தெரிந்தால் 32 அல்லது 51. வெளிச்சமே தெரியாதவர்களுக்கு 88. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் 13இல் தொடங்குங்கள். 6 வசனங்கள்தான். மொத்த அமைப்பும் அதற்குள் இருக்கிறது.

13ஆம் சங்கீதத்தைப் பிரித்துப் பார்ப்போம்

1, 2 வசனங்கள் முறையீடு. அந்த இரண்டு வசனங்களுக்குள் “எதுவரைக்கும்” என்ற கேள்வி 4 முறை வருகிறது. எண்ணிப் பாருங்கள். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர் என்ற முதல் இரண்டும் தேவனைப் பற்றியவை. மூன்றாவது தன் உள்ளத்தைப் பற்றியது: நித்தம் நித்தம் சஞ்சலம். நான்காவது சத்துருவைப் பற்றியது. தேவன், நான், மற்றவர்கள் என்று துன்பத்தின் மூன்று பக்கமும் வந்துவிட்டது. முதல் வார்த்தை யாரை நோக்கியது என்பதையும் பாருங்கள்: “கர்த்தாவே”. மறந்துவிட்டீர் என்று சொல்வதுகூட மறந்தவரின் முகத்துக்கு நேரே சொல்லப்படுகிறது.

3, 4 வசனங்கள் விண்ணப்பம். நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும் என்று மூன்று வேண்டுதல்கள். காரணமும் சொல்லப்படுகிறது: இல்லாவிட்டால் செத்துப்போவேன், என் பகைஞன் ஜெயித்தேன் என்பான்.

5, 6 வசனங்கள் நம்பிக்கை. “உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்.” இதற்கும் 4ஆம் வசனத்துக்கும் இடையில் நிலைமை மாறியதாகச் சங்கீதத்தில் எங்கும் இல்லை. பகைஞன் அங்கேயே நிற்கிறான். 4ஆம் வசனத்திலிருந்து 5ஆம் வசனத்துக்கு வர தாவீதுக்கு எவ்வளவு நாள் ஆயிற்று என்றும் சொல்லப்படவில்லை. வாசிப்பதற்கு ஒரு நொடி. வாழ்வதற்கு ஒரு வருடமும் ஆகலாம்.

15 நிமிடத்தை எப்படிச் செலவிடுவது

முதல் 2 நிமிடம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். மனதுக்குள் வாசித்தால் கண் தானாக 5ஆம் வசனத்துக்கு ஓடிவிடும். குரல் ஒவ்வொரு சொல்லையும் கடந்தாக வேண்டும். குரல் உடைந்தால் உடையட்டும். இயேசுவே பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம் செய்தார் என்று எபிரெயர் 5:7 சொல்கிறது.

அடுத்த 6 நிமிடம் நோட்டில் உங்கள் முறையீட்டை எழுதுங்கள். 3 வாக்கியம் முதல் 5 வாக்கியம் வரை போதும். ஒவ்வொன்றும் ‘ஆண்டவரே’ என்றோ ‘நீர்’ என்றோ தொடங்க வேண்டும். இந்த விதிதான் இந்தப் பயிற்சியின் எலும்பு. “எனக்கு ஏன் இப்படி நடக்கிறது” என்று எழுதினால் அது நாட்குறிப்பு. “ஆண்டவரே, 8 மாதமாக ஒவ்வொரு நேர்காணலிலும் என்னைத் திருப்பி அனுப்புகிறார்கள், நீர் ஏன் பேசாமல் இருக்கிறீர்” என்று எழுதினால் அது ஜெபம். விவரம் துல்லியமாக இருக்கட்டும். ‘என் கஷ்டங்கள்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த மாத்திரை, எந்தத் தேதி, யார் சொன்ன எந்த வார்த்தை என்று எழுதுங்கள். பொதுவான துன்பத்தைச் சொன்னால் பொதுவான ஆறுதல்தான் மனதில் எழும்.

பிறகு 3 நிமிடம் விண்ணப்பம். இரண்டு வேண்டுதல்கள் எழுதுங்கள். ஒன்று முழு விடுதலைக்காக: சுகம், வேலை, சமாதானம். இன்னொன்று இன்றைய நாளுக்காக மட்டும்: இன்று மாலை வரும் பரிசோதனை முடிவைக் கேட்கும்போது என் கை நடுங்காதிருக்கட்டும். பெரிய வேண்டுதலை மட்டும் வைத்தால், அது தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் தோல்வியாகத் தெரியும். சின்ன வேண்டுதலை மட்டும் வைத்தால், தேவனிடம் பெரிதாக எதையும் கேட்கும் தைரியம் மெல்லப் போய்விடும். இரண்டும் வேண்டும்.

அடுத்த 2 நிமிடம் நம்பிக்கை வாக்கியம், ஒன்றே ஒன்று. மனதில் இல்லாததை எழுதாதீர்கள். “உம்மை முழுமையாக நம்புகிறேன்” என்று எழுத முடியாவிட்டால், “உம்மிடம் பேசுவதை நான் இன்னும் நிறுத்தவில்லை” என்று எழுதுங்கள். அதுவும் உண்மையான விசுவாச அறிக்கைதான். எதுவும் வரவில்லையென்றால் சங்கீதத்தின் 5ஆம் வசனத்தை அப்படியே நகலெடுங்கள். கடன் வாங்கிய வார்த்தை என்று கூச்சப்பட வேண்டாம். சிலுவையில் இயேசு சொன்ன “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்பதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்தான்.

கடைசி 2 நிமிடம் சும்மா இருங்கள். ஏதாவது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொள்ள வேண்டாம். நேரம் முடிந்ததும் எழுந்துவிடுங்கள், கூட்டவும் வேண்டாம். நன்றாகப் போன நாளில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, மறுநாள் அதே அனுபவம் வராததால் ஒரு வாரம் விட்டுவிடுவது இந்தப் பழக்கம் முறிவதற்கான மிகச் சாதாரணமான வழி.

எங்கே தவறிப்போகிறது

முறையீட்டைத் தாண்டி நேரே துதிக்கு ஓடுவது முதல் தவறு. குறை சொன்னால் அவிசுவாசம் ஆகிவிடும் என்ற பயமே காரணம். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்ததற்குத் தண்டனை வந்ததே என்று கேட்பார்கள். வித்தியாசம் திசையில் இருக்கிறது. அவர்கள் கூடாரங்களில் உட்கார்ந்து ஒருவரோடொருவர் தேவனைப் பற்றிப் பேசினார்கள். அவருக்கு முதுகைக் காட்டினார்கள். தாவீதும் எரேமியாவும் யோபும் அதைவிடக் கடுமையாகப் பேசினார்கள், ஆனால் அவர் முகத்தைப் பார்த்து. யோபு புத்தகத்தின் முடிவில், தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று தேவன் கடிந்துகொள்வது யோபின் நண்பர்களைத்தான் (42:7). அவர்களுடைய பேச்சில் பக்தி நிறைய இருந்தது. ஆனால் அத்தனை அதிகாரங்களிலும் அவர்கள் ஒரு முறைகூடத் தேவனிடம் ஜெபிக்கவில்லை.

இரண்டாவது, பேரம். இதைச் செய்தால் அதைத் தருகிறேன் என்ற பொருத்தனைகளை இந்த நோட்டில் எழுதாதீர்கள். வலியில் கொடுத்த வாக்கு பிறகு குற்ற உணர்வாகத் திரும்பி வரும்.

மூன்றாவது, ‘இது என்ன பாவத்துக்குத் தண்டனை’ என்ற தேடல். இதில் ஒரு எளிய பிரிப்பு உதவும். மனசாட்சி ஒரு குறிப்பிட்ட செயலைப் பெயர் சொல்லிச் சுட்டினால், 32ஆம் சங்கீதம் காட்டுகிறபடி அதை மறைக்காமல் அறிக்கையிடுங்கள், சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்யுங்கள், முடிந்தது. பெயரில்லாத ஒரு மங்கலான குற்ற உணர்வு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால், அதன் பின்னால் தோண்டிக்கொண்டு போகாதீர்கள். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டபோது, இயேசு இரண்டையும் மறுத்தார் (யோவான் 9:3).

கோபமும் இங்கே சேரும். 109, 137 போன்ற சாபச் சங்கீதங்களைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், அநேகமாக அநியாயத்தால் நொறுக்கப்படாதவர்கள். அந்த வார்த்தைகள் பழிவாங்கும் திட்டத்தைச் சத்துருவின் வாசலுக்குக் கொண்டுபோகாமல் தேவனுடைய கையில் ஒப்படைக்கின்றன. எழுதுங்கள், அவரிடம் சொல்லுங்கள், அவரிடமே விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தைப் புகைப்படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

வாக்குத்தத்தங்களை முழுதாக வாசியுங்கள்

துன்பத்தில் இருப்பவருக்கு மற்றவர்கள் அனுப்பும் வசனங்கள் பெரும்பாலும் ஒரே வரியாக வருகின்றன. ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள்வதற்கு முன் அதற்கு மேலே 10 வசனமும் கீழே 10 வசனமும் வாசிக்க வேண்டும். வாக்கு பெரும்பாலும் நாம் நினைத்ததைவிடக் கடினமாக இருக்கும், ஆனால் உறுதியாகவும் இருக்கும்.

எரேமியா 29:11, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற வசனம். அதற்கு முந்திய வசனம் 70 வருஷம் என்கிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதிய கடிதம். சீக்கிரம் வீடு திரும்பலாம் என்று சொல்லவில்லை, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. அதை முதலில் கேட்ட பெரியவர்களில் பலர் அந்நிய மண்ணிலேயே மரித்திருப்பார்கள். அடுத்த வாரம் பிரச்சினை தீரும் என்பதற்கான ரசீதாக அந்த வசனத்தைப் பிடித்தால் அது கையில் உடைந்துபோகும். நீண்ட காலம் தங்கவேண்டிய இடத்திலும் அவருடைய நினைவு நம்மேல் இருக்கிறது என்று பிடித்தால் தாங்கும்.

1 கொரிந்தியர் 10:13ஐ வைத்து, தாங்கமுடியாத கஷ்டத்தைத் தேவன் தரமாட்டார் என்பார்கள். அந்த இடம் பேசுவது விக்கிரகாராதனைக்கும் இச்சைக்கும் இழுக்கும் சோதனையைப் பற்றி. அதே சபைக்கு எழுதிய அடுத்த நிருபத்தின் தொடக்கத்திலேயே பவுல், தங்கள் பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்தது, பிழைக்கும் நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்கிறார் (2 கொரிந்தியர் 1:8). தாங்கமுடியவில்லை என்று நீங்கள் சொன்னால் அது விசுவாசக் குறைவு அல்ல, அப்போஸ்தலன் சொன்னதையே சொல்கிறீர்கள்.

தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிறது ரோமர் 8:28. அதற்கு அடுத்த வசனம் அந்த நன்மை எது என்று சொல்லிவிடுகிறது: தேவ குமாரனுடைய சாயல். வேலை பறிபோனவருக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்கும் என்பதற்கு இந்த வசனத்தைக் காட்டக் கூடாது.

எபிரெயர் 13:5 மட்டும் எவ்வளவு பாரம் வைத்தாலும் தாங்கும். “நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை” என்பதன் கிரேக்க மூலத்தில் மறுப்புச் சொற்கள் 5 அடுக்கப்பட்டிருக்கின்றன. ‘ஒருக்காலும் இல்லவே இல்லை’ என்று தமிழில் அழுத்திச் சொல்வதைப் போல. அது பண ஆசையைப் பற்றிப் பேசும் வசனத்தில் வருகிறது என்பதும் முக்கியம். வங்கிக் கணக்கில் ஒன்றும் இல்லாதவரிடம் சொல்லப்பட்ட வாக்கு அது.

கையால் வரும் பிரசன்னம்

77ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்துக்கு இப்போது வருவோம். தடம் தெரியாத தேவன் இரண்டு மனிதரின் கையால் நடத்தினார். தனியாகவே தேவனைப் பிடித்துக்கொள்வேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு அவர் அனுப்பிய கை கண்ணில் படுவதில்லை.

2 பேரிடம் சொல்லுங்கள். சபை முழுவதற்கும் அறிவிக்க வேண்டாம். 20 பேருக்குத் தெரிந்தால் 20 ஆலோசனை வரும். ரகசியம் காப்பவர், அவசரப்பட்டு வசனம் சொல்லாதவர், திரும்ப விசாரிப்பவர் என்று இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். அவர்களிடம் ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லாமல், “செவ்வாய்க்கிழமை என்னோடு மருத்துவமனைக்கு வரமுடியுமா”, “வாரத்தில் ஒரு நாள் எனக்காக ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்க முடியுமா” என்று கேளுங்கள். கெத்செமனேயில் இயேசுவே மூன்று பேரைத் தம்மோடு விழித்திருக்கக் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பதும் உண்மைதான். உங்கள் நண்பர்களும் சில நாள் தவறுவார்கள். அதற்காகக் கேட்பதை நிறுத்த வேண்டாம்.

துன்பப்படுகிறவரின் பக்கத்தில் உட்காரப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யோபின் நண்பர்கள் செய்த நல்ல காரியம் 7 நாள் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தபின்தான் எல்லாம் கெட்டது. ‘இதிலும் ஒரு நோக்கம் இருக்கும்’, ‘அழாதீர்கள், அவர் பரலோகத்தில் இருக்கிறார்’ போன்றவை உண்மையாகவே இருந்தாலும், முதல் வாரத்தில் சொல்லும்போது வாயை அடைப்பதாக மாறிவிடும். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான் என்று லாசருவின் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே அவரிடம் முறையிட்டார்கள். இருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை.

இரண்டு இடங்களில் மட்டும் இந்த 15 நிமிடத்தை நம்பி நிற்கவே கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, தனியாக இராமல், மருத்துவ உதவியை நாடுங்கள். மனநோய்க்கு மருந்து எடுப்பது காய்ச்சலுக்கு எடுப்பதைப் போன்றதுதான். அடுத்தது, வீட்டில் அடி, வன்முறை. ‘தேவன் கூட இருக்கிறார், பொறுத்துக்கொள்’ என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது அதே இரவில் தப்பியோடினார். தேவன் அவரோடு இருந்தார், ஓட்டத்திலும்.

ஜெபிக்கவே முடியாத நாட்கள்

வரும். அந்த நாளில் 15 நிமிடத்தை ஒரு நிமிடமாக்குங்கள், விட்டுவிடாதீர்கள். மூச்சை இழுக்கும்போது ‘தேவரீர்’, விடும்போது ‘என்னோடே கூட இருக்கிறீர்’. 10 மூச்சு. அதுவும் முடியாவிட்டால் நோட்டைத் திறந்து தேதியை மட்டும் எழுதி மூடுங்கள். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்வது இந்த நாளுக்குத்தான். சபையில் பாட்டு வராவிட்டால் மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். திருவிருந்துக்கு மட்டும் போங்கள். அங்கே நீங்கள் எதையும் உணர்ந்து காட்டவேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும்.

இரவு 3 மணிக்கு விழிப்பு வந்தால் கைப்பேசியை எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் எந்தக் கணக்கையும் தீர்க்காதீர்கள், எந்த முடிவும் எடுக்காதீர்கள். சங்கீதம் 77:4 அந்த நேரத்துக்கென்றே எழுதியதுபோல இருக்கும்: “நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர்.” விழிப்பையும் அவர் கணக்கிலேயே வைக்கிறார் சங்கீதக்காரர். மனதை அரிப்பதை ஒரு தாளில் 2 வரி எழுதி, ‘காலையில் பார்ப்போம் ஆண்டவரே’ என்று மடித்து வையுங்கள்.

நோட்டைத் திரும்ப வாசிப்பது

3 மாதம் ஆனபின் முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள்; அதற்கு முன் வேண்டாம். சின்ன வேண்டுதல்களில் எவை நடந்தன என்று ஓரத்தில் தேதி குறியுங்கள். பெரிய வேண்டுதல் அப்படியே இருக்கலாம். யோசேப்பு விற்கப்பட்டபோது வயது 17, பார்வோன் முன் நின்றபோது 30. இடையில் ஆதியாகமம் 39, கர்த்தர் யோசேப்போடே இருந்தார் என்று போத்திபாரின் வீட்டைப் பற்றியும் சொல்கிறது, சிறைச்சாலையைப் பற்றியும் அதே வார்த்தைகளில் சொல்கிறது. சிறைக் கதவு திறந்தபின் எழுதிய முடிவுரையாக அது வரவில்லை. கதவு பூட்டியிருக்கும்போதே வருகிறது. உங்கள் நோட்டிலும் தேட வேண்டியது பூட்டிய கதவுக்குள் நடந்தவற்றை: யார் வந்தார்கள், எந்த நாளில் கை நடுங்கவில்லை, எந்த வாக்கியத்தை எழுத முடிந்தது. நோட்டில் ஒன்றும் தட்டுப்படாவிட்டால், இல்லாததைப் பார்த்ததாகச் சாட்சி சொல்ல வேண்டாம்.

ஒன்றும் தட்டுப்படாதவர்களுக்குத்தான் 88ஆம் சங்கீதம். 18 வசனங்கள். மற்றப் புலம்பல்களில் வரும் திருப்பம் இதில் இல்லை. தோழர்கள் தூரமானார்கள், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடிகிறது. அதையும் தேவனுடைய ஜனங்கள் தங்கள் பாட்டுப் புத்தகத்தில் வைத்தார்கள், யாரும் கடைசியில் ஒரு நல்ல வரியை ஒட்டவைக்கவில்லை. ஆனால் அந்த 18 வசனங்களுக்குள், அதன் தலைப்பு பெயர் சொல்லும் ஏமான் 3 முறை தான் கூப்பிடுவதைச் சொல்கிறார்: 1இல் இரவும் பகலும், 9இல் அனுதினமும், 13இல் காலையிலே. அந்த 3 வசனங்களின் கீழும் பென்சிலால் கோடிட்டுவையுங்கள். நாளைக் காலை உங்களிடம் வேறு வார்த்தை இல்லையென்றால், 13ஆம் வசனத்தை மட்டும் வாய்விட்டு வாசித்துவிட்டு, தேதியை எழுதி நோட்டை மூடுங்கள்.